பட்டினி கெடந்த தட்டு

முதல் கழுவலுக்குப் பத்து நிமிஷம்னு டைமரைத் தட்டிவிட்டுட்டு ஜெனிட்டா ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா, உக்காந்த வேகத்துல எந்திரிச்சா, மறுபடி உக்காந்தா. மணி மூணு இருபது. நாலு மணிக்கு ஷ்யாமளா மேடம் ரூமுக்குப் போகணும். போனா மேடம் கம்ப்யூட்டரை இவ பக்கம் திருப்பி, கடைசியா ஒரு தடவை கண்ணால பாத்துக்கோம்மான்னு சொல்லுவாங்க, இவ பாப்பா, மேடம் பட்டனை அமுக்குவாங்க, மூணு வருஷத்து ஆராய்ச்சி ஒரு சின்னச் சத்தத்தோட பத்திரிகைக்குப் போயிடும். அவ்வளவுதான் வேலை. டப்பாக்குள்ள உள்ளங்கை அளவு வெள்ளை மெம்பிரேன் ஒண்ணு தண்ணியில மெதக்குது, அதுல செல்லுக்குள்ள இருந்து எடுத்த புரோட்டீன் எல்லாம் கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கிட்டிருக்கு, டப்பா ஆடுற மேடை மேல இப்படியும் அப்படியும் சாயுது. மூணு தடவை கழுவணும், தடவைக்குப் பத்து நிமிஷம். அந்தப் பேப்பருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா கைக்கு வேலை வேணும்னு எடுத்துப் போட்டது, சாப்பாட்டுல இருந்து வந்ததுல இருந்து கை சும்மா இருக்க மாட்டேங்குது. சாப்பாட்டுல தாஹிரா அப்படி ஒண்ணும் பெருசாச் சொல்லிடல. அவ சொன்னது ஒரு வரி. அந்த ஒரு வரியை அவ இன்னிக்குச் சொல்லாம நாளைக்குச் சொல்லியிருந்தா என்ன, தயிர்சாதம் தொண்டையில இறங்கியிருக்கும், இந்நேரம் மேடம் ரூமுக்கு என்ன ஸ்வீட் வாங்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்கலாம்.

தாஹிரா லேப்ல இருக்கறதுலயே சின்னவ, பிஎச்டி ஆரம்பிச்சு ஏழு மாசம்தான் ஆகுது. யாரு ஊருக்குப் போனாலும் யாரு லீவு போட்டாலும் அவங்கவங்க செல்லுக்குப் பழைய மீடியத்தை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு ஊத்துறது அவதான். இதுக்கு லேப்ல சாப்பாடு போடுறதுன்னு பேரு. ‘தாஹிரா, என் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டுடு’ன்னு ஒரு மெசேஜ் தட்டினாப் போதும், ஒரு நாளும் மறக்க மாட்டா. இன்னிக்கு டிபன் பாக்ஸை மூடும்போது மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னா, “எனக்கு இந்த எக்ஸ்பெரிமெண்ட் கையே இல்லக்கா. ஊட்டுற கை மட்டும்தான். நாளைக்கு எனக்கு டிகிரி தரலேன்னா ஆயா வேலைக்காவது வச்சுக்கோங்க.” ஜெனிட்டா சிரிச்சுக்கிட்டே, “போடி, கை பழகணும், பழகினா வரும்”னா. இதே வசனத்தை மூணு மாசமா சொல்லிக்கிட்டிருக்கா. “ஆமா, நீங்க சொல்லுவீங்க. உங்க செல்லு எல்லாம் கொழுகொழுன்னு வளருதே, யாரு கையாம்? பெரிய வெள்ளிக்கு நீங்க ஊருக்குப் போனப்ப மேல் ஷெல்ஃப் மொத்தத்துக்கும் நான்தானே போட்டேன், பிளாஸ்க்கு, தட்டு, ஒண்ணு விடல.” இதைச் சொல்லிட்டு அவ எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டா. தட்டுன்னு சொன்னா. தட்டுமா போட்டேன்னு ஜெனிட்டா கேக்கல. கேட்டா பதில் வந்துடும்னு வாயை மூடிக்கிட்டா.

பிளாஸ்க்குல இருந்தது சும்மா வளக்கிற செல்லு. தட்டுல இருந்தது பட்டினி போட்ட செல்லு. கேன்சர் செல்லுக்குச் சர்க்கரைன்னா உசுரு, மத்த செல்லை விடப் பல மடங்கு தின்னும், சர்க்கரை நிறுத்தினா மூணு நாள்ல முக்கால்வாசி செத்துப் போகும். அந்தச் செல்லுக்குள்ள சேதி கொண்டு போற புரோட்டீன் ஒண்ணு இருக்கு, தின்னாச்சு, இனிமே பெருகுன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தச் சேதிக்காரனை விளக்கை அணைக்கிற மாதிரி அணைச்சு வச்சுட்டா செல்லு பெருகறதை நிறுத்திட்டு, இருக்கறதை வச்சுப் பொழைச்சுக்கும், சர்க்கரையே இல்லேன்னாலும் சாகாது. இதுதான் ஜெனிட்டா கண்டுபிடிச்சது. கண்டுபிடிச்சதா நெனச்சது. முதல் ரெண்டு தடவை செஞ்சப்ப வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம், நூத்துல பதினஞ்சு பொழைக்கிற எடத்துல அணைச்ச செல்லு இருவத்திரெண்டு பொழைச்சுது, இருக்குன்னும் சொல்லலாம் இல்லேன்னும் சொல்லலாம். மூணாவது தடவைதான் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம் பட்டினி போட்டுட்டு, ஏழரை மணி முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடிக்க ஓடினா. திங்கக்கிழமை திரும்பி வந்து எண்ணினா, எண்பத்தொண்ணு. அணைக்காத எதிர்த்தட்டுல பதினாலு. மேடம் மைக்ராஸ்கோப்ல இருந்து கண்ணை எடுக்கவே இல்ல, இதுதான்மா இந்தப் பேப்பரோட முதுகெலும்புன்னாங்க. பட்டினி போட்ட அன்னிக்கு, செல்லை வெதுவெதுன்னு வச்சிருக்கிற இன்குபேட்டர்ல எடம் இல்ல. அணைச்ச தட்டை மேல் ஷெல்ஃப்ல தன் பிளாஸ்க்குக்குப் பக்கத்துலயும், அணைக்காத தட்டைக் கீழே பொது ஷெல்ஃப்லயும் வச்சா. ரெண்டு தட்டும் ஒரே ஷெல்ஃப்ல இருக்கணும்ங்கறது முதல் வாரம் சொல்லிக் குடுக்கற பாடம், இவளே பத்து பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கா, ஆனா மணி ஆறாயிடுச்சு, ரயிலு ஏழரை மணிக்கு. ரயில்ல ஏறி மூச்சு வாங்கிக்கிட்டே தாஹிராவுக்கு மெசேஜ் போட்டா, மேல் ஷெல்ஃப்ல இருக்கறதுக்கெல்லாம் நாளைக்குச் சாப்பாடு போட்டுடு செல்லம்னு. இருக்கறதுக்கெல்லாம். பிளாஸ்க்குக்குன்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா. எல்லாம்ங்கற அந்த வார்த்தையை எதுக்குப் போட்டா. தாஹிரா அப்ப லேபுக்கு வந்து மூணு மாசம், சொன்னதைச் செஞ்சா, பட்டினி கெடக்கிற தட்டுன்னு அவளுக்கு யாரு சொன்னா. மேல இருந்தது தின்னுச்சு, கீழ இருந்தது செத்துச்சு, அவ்வளவுதான் முதுகெலும்பு.

டைமர் கத்துச்சு. தண்ணியைக் கொட்டினா, புதுசு ஊத்தினா, மறுபடி பத்து நிமிஷம்.

இல்ல, ஆனா அவ தட்டுக்கும் போட்டான்னு எப்படிச் சொல்ல முடியும், பேச்சு வாக்குல சொல்றதுதானே, நாலு மாசம் முன்னாடி செஞ்சதை யாரு துல்லியமா ஞாபகம் வச்சிருப்பா, போன வாரம் வியாழக்கிழமை என்ன டிபன்னு கேட்டா ஜெனிட்டாவுக்கே தெரியாது. அப்படியே போட்டிருந்தாலும் முதல் ரெண்டு தடவையும் வித்தியாசம் இருந்துச்சில்ல, கொஞ்சமோ நஞ்சமோ, திசை அதே திசைதானே. மூணையும் சேத்து வரைஞ்ச கிராஃப்ல, நம்பரு எவ்வளவு முன்னப்பின்ன இருக்கும்னு காட்டுற பிழைக்கோடு கொஞ்சம் நீளமா ஆடுது, அது எல்லார் கிராஃப்லயும்தான் ஆடுது. அனுப்பட்டும், அனுப்பினா கேள்வி கேட்டுத் திரும்பி வர ரெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள மறுபடி ரெண்டு தடவை செஞ்சு பாத்துடலாம், வந்தா நிம்மதி, வரலேன்னா அப்பப் பாத்துக்கலாம். மே மாசம் செஞ்சு பாத்தியே, வந்துச்சா? அது வேற, அது சீரம் மாறின சமயம், கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுக்கிற சரக்கு, ஒவ்வொரு பாட்டில் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனாலதானே அதைக் கணக்குல சேக்கல. சேக்காதது யாரு? நீதான். அப்புறம் தாஹிரா அதையே செஞ்சு பாத்தது. ஜூன்ல ஒண்ணு, ஜூலையில ஒண்ணு, போன வாரம் ஒண்ணு. அவளோட பிஎச்டியே ஜெனிட்டாவோட மூணாவது தட்டு மேலதான் நிக்குது, அணைச்ச செல்லு எதைத் தின்னு பொழைக்குதுன்னு கண்டுபிடிக்கணும் அவ, நாலு வருஷத்துக்கு அதான் வேலை. எதைத் தின்னுச்சுன்னா, தாஹிரா, நீ போட்டதைத் தின்னுச்சு. ஜெனிட்டாவுக்கு வாய் வரைக்கும் சிரிப்பு வந்துச்சு, சிரிப்பு மாதிரி ஒண்ணு, வயித்துல இருந்து. மூணு தடவையும் தாஹிராவுக்குப் பதினெட்டு, இருவது, பதினேழுன்னுதான் வருது, ஜூலையில பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்தா, கண்ணைக் கழுவிட்டு வந்து, என் கைதான்கா சரியில்ல, நான் எதையோ தப்பாப் பண்றேன், நீங்க ஒரு தடவை கூட நின்னு பாருங்களேன்னா. ஜெனிட்டா கூட நின்னா. அவ பிப்பெட் பிடிச்ச பிடியில, ஊத்தின ஊத்துல, ஒரு குறையும் இல்ல. குறையே இல்லாத கையைப் பாத்து, ஊத்தும்போது இன்னும் கொஞ்சம் மெதுவா ஊத்துன்னு சொல்லிட்டு வந்தா. எதாவது சொல்லணுமேன்னு சொன்னது. அன்னில இருந்து அந்தப் பொண்ணு சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டிருக்கு.

ஏசி காத்து பிடரியிலயே வந்து விழுது. பக்கத்து ரூம்ல சென்ட்ரிஃப்யூஜ் சுத்தி நிக்கிற சத்தம், விமானம் இறங்குற மாதிரி தணிஞ்சு தணிஞ்சு. நல்ல பசி. மதியம் பாதியோட மூடி வச்சது. இந்தப் பசியோட சேந்து அந்தப் பொறை, காப்பியில முக்கித் தின்னுற காஞ்ச ரொட்டி, ஞாபகம் வந்து நிக்குது, அது எதுக்கு இப்ப, அதுக்கும் இதுக்கும் என்ன. எட்டு வயசு, தூத்துக்குடி, பெரிய வெள்ளி, நானும் ஒருசந்தி இருக்கப் போறேன், சாயங்காலம் கோயில்ல ஊத்துற கஞ்சி வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு வீம்பு பிடிச்சா. அம்மா வேண்டாம்ட்டின்னா, கேக்கல. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்தப்ப பக்கத்து வீட்டு டெய்சி அக்கா தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய், ஒரு பொறையைக் காப்பியில முக்கி வாயில வச்சுவிட்டா. “யாருட்டயும் சொல்லமாட்டேன், தின்னுட்டி.” தின்னா. ஒண்ணு இல்ல, ரெண்டு. சாயங்காலம் கஞ்சி வரிசையில அம்மா நாலு பேர்ட்ட சொன்னா, சின்னப்பிள்ளை காலையில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல பாத்துக்கிடுங்கன்னு, ஃபாதர் தலையில கை வச்சு சகாய மாதா பிள்ளைன்னு சொன்னாரு. பொறை தின்னதுக்கு அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு வருத்தமும் இல்ல, பசிச்சுது, குடுத்தாங்க, தின்னா, டெய்சி அக்கா நல்லா இருக்கட்டும். ஆனா ஃபாதர் தலையில கை வச்சப்ப இவ என்ன பண்ணினான்னா, மூஞ்சியைச் சோர்வா வச்சுக்கிட்டா. கண்ணைக் கொஞ்சம் செருகி, ஒதட்டை நாக்கால தடவி. அதை யாரும் சொல்லிக் குடுக்கல. அந்த மூஞ்சியைத்தான் நெனச்சா இப்பவும் கூசுது. ஈஸ்டருக்கு மறுநாள் மேடம் மைக்ராஸ்கோப்ல கண்ணை வச்சுக்கிட்டு முதுகெலும்புன்னு சொன்னப்ப பக்கத்துல நின்னவ மூஞ்சி எப்படி இருந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, நெசமாவே சந்தோஷம்தான், அப்ப ஒண்ணும் தெரியாது.

தெரியாதா.

ரெண்டாவது டைமர். கொட்டு, ஊத்து. மணி மூணு நாப்பத்தொண்ணு. கோட்டுப் பைக்குள்ள போன் இருக்கு, சாப்பாட்டுல இருந்து வந்ததுல இருந்து அது அங்கதான் இருக்கு, எடுக்கல, வழக்கமா பத்து நிமிஷத்துக்கு ஆறு தடவை எடுக்கிறவ. அதுல ஒரு படம் இருக்கு. அந்தத் திங்கக்கிழமை காலையில ரெண்டு தட்டையும் ஹூட்ல, செல்லைத் தொறந்து வேலை பாக்கிற கண்ணாடிப் பெட்டியில, மேலயும் கீழயுமா வச்சு ஒரு போட்டோ எடுத்தா, தம்பி ரெக்ஸனுக்கு அனுப்பினா. ஊர்ல அவன்தான் கேப்பான், நீ அங்க என்னதான்க்கா பண்றே, எலியை வெட்டறியா, கேன்சருக்கு மருந்து எப்ப வரும்னு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். அனுப்பினப்ப அவன் என்னவோ கேட்டான், இவ என்னவோ சொன்னா, அவன் சிரிச்சான், ஞாபகம் இல்ல. பேப்பர்ல போறது அந்தப் படம் இல்ல, பேப்பர்ல போறது மீடியத்தை எல்லாம் எடுத்துட்டுச் சாயம் ஏத்தி எடுத்த கருப்பு வெள்ளைப் படம், அதுல கலர் தெரியாது. கலர். மீடியத்துல ஒரு சாயம் கலந்திருக்கும், ரோஸ் கலரு, செல்லு சர்க்கரை தின்னா புளிப்பைக் கக்கும், புளிப்பு ஏற ஏற ரோஸ் ஆரஞ்சாகும், ஆரஞ்சு மஞ்சளாகும். சர்க்கரை இல்லாத மீடியம் மூணு நாள் இல்ல, ஏழு நாள் வச்சாலும் ரோஸாவே நிக்கும், தின்ன ஒண்ணும் இல்ல, கக்க ஒண்ணும் இல்ல. இது சேந்த முதல் நாளே கண்ணுக்குப் பழகிடற விஷயம், கதவைத் தொறந்து தூரத்துல இருந்தே சொல்லுவா, இவன் பசியா இருக்கான், இவன் நெறையத் தின்னுட்டான்னு. அன்னிக்கு மேல் தட்டு என்ன கலர்ல இருந்துச்சு. ரோஸ்தான். ரோஸாத்தான் இருந்திருக்கும். வேற கலரா இருந்திருந்தா இவ கண்ணு விட்டிருக்குமா, பதினோரு வருஷமா செல்லு வளக்கிற கண்ணு. கண்ணு விட்டிருக்காது. கண்ணு பாத்திருக்கும். எண்பத்தொண்ணுங்கற நம்பரு வந்ததும் கண்ணு பாத்ததை மனசு அப்படியே ஒரு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கும், மே மாசத்தை ஒதுக்கின மாதிரி. ஆரஞ்சா இருந்துச்சோ. இப்ப நெனச்சா ஆரஞ்சாத் தெரியுது, ரோஸ்னு நெனச்சா ரோஸாத் தெரியுது, நெனக்கிற கலர்ல எல்லாம் தெரியுது. போனை எடுத்துப் பாத்தா முடிஞ்சுது. பாக்கலாம். நாலரைக்குப் பாக்கலாம், அனுப்பினதுக்கு அப்புறம். செப்டம்பரோட பெல்லோஷிப் முடியுது, இந்தப் பேப்பரு இருந்தா அக்டோபர்ல, விண்ணப்பம் போட்டிருக்கிற அந்த வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிடுவாங்க, இல்லேன்னா முப்பத்தி மூணு வயசுல பெட்டியைக் கட்டிக்கிட்டு அடுத்த ஊரு, அடுத்த லேப்பு, அடுத்த இன்குபேட்டர்ல ஒரு ஷெல்ஃபு. நாலரைக்குப் பாத்து ரோஸா இருந்தா. ஆரஞ்சா இருந்தா? அனுப்பினதுக்கு அப்புறம் ஆரஞ்சாப் பாத்தா மூஞ்சியை எப்படி வச்சுக்குவே?

கதவு தொறந்துச்சு, தாஹிரா தலையை மட்டும் நீட்டினா. “அக்கா, நாலு மணிக்குத்தானே? அனுப்பினதும் சொல்லுங்க, கேன்டீன்ல சமோசா சொல்லி வச்சிருக்கேன். மேடம் கணக்குல.”

“மேடத்துக்குத் தெரியுமா?”

“அனுப்பினதுக்கு அப்புறம் தெரிஞ்சுக்குவாங்க.” சிரிச்சுட்டுப் போகப் பாத்தவ நின்னா. “என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? நோன்பா?”

“தாஹிரா.” ஜெனிட்டா டப்பாவைப் பாத்துக்கிட்டே கேட்டா. “அன்னிக்கு நீ தட்டுக்கும் சாப்பாடு போட்டேன்னியே. ஆறு குழி வச்ச தட்டா?”

“ஆமா, ஒரு தட்டு. மூடியில உங்க பேரு இருந்துச்சே. அதுல செல்லு கொஞ்சம் வாடிப்போய் இருந்துச்சு, பாவமா இருந்துச்சு, கூட ஒரு மில்லி ஊத்தினேன்.” அப்புறம் குரலை இறக்கி, “ஏங்க்கா, கூட ஊத்தக் கூடாதா?”

“சே சே. நல்லாத்தான் ஊத்தியிருக்கே.”

அவ போயிட்டா. கூட ஒரு மில்லி. ஆடுற மேடை ஆடிக்கிட்டே இருக்கு, மெம்பிரேன் ஒரு பக்கமா ஒதுங்கி டப்பா ஓரத்துல மடங்கப் பாக்குது, ஜெனிட்டா விரலை விட்டு நேராக்கினா, க்ளவுஸ் போடாம விரலை விட்டுட்டோம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மூணாவது டைமர் கத்துறதுக்குள்ள நிறுத்திட்டா. கழுவினது கழுவினபடி கெடக்கட்டும். நடைபாதையில தண்ணி மெஷினுக்குப் பக்கத்துல நின்னு, ஈரக்கையோட போனை எடுத்தா, விரல் ஈரத்துல போன் தொறக்க மாட்டேன்னுது, துப்பட்டாவுல தொடைச்சுத் தொடைச்சு ரெக்ஸன் பேரைத் தேடி மேல மேல தள்ளினா, மருமகளோட மொட்டை, அம்மாவோட பிரஷர் மாத்திரை, கிரேன் மேல இருந்து எடுத்த கடல், இன்னும் மேல, இன்னும், ஏப்ரல்.

படம் வந்துச்சு. மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு. படத்துக்குக் கீழ இவ எழுதினது, பாத்தியாடா, மூணு நாள் பட்டினி கெடந்தும் மேல உள்ளவன் சாகல. அதுக்குக் கீழ அவன், சூப்பருக்கா, ஆனா ஏன் மேல ஆரஞ்சாவும் கீழ ரோஸாவும் இருக்கு? அதுக்குக் கீழ இவ, அது அப்படித்தாண்டா, நீ போய் கிரேனை ஓட்டு. அதுக்குக் கீழ அவன் சிரிச்ச மூஞ்சி ரெண்டு. அனுப்பின நேரம் காலையில ஒம்பது பத்து. எண்ணி முடிச்சது பதினோரு மணிக்கு. எண்ணறதுக்கு முன்னாடியே கேட்டுட்டான்.

மேடம் ரூம் தொறந்துதான் இருந்துச்சு. “வாம்மா, வா. உனக்காகத்தான் உக்காந்திருக்கேன். என்ன, கையெல்லாம் ஈரம்?” கம்ப்யூட்டரை இவ பக்கம் திருப்பினாங்க, மவுஸ் மேல கையை வச்சாங்க. “கடைசியா ஒரு தடவை கண்ணால பாத்துக்கோ.”

ஜெனிட்டா கம்ப்யூட்டரைப் பாக்கல. போனை கீபோர்டு மேல வச்சா. “மேடம், இதைப் பாருங்க. கீழ ஒரு கேள்வி இருக்கு.”

மேடம் கண்ணாடியைத் தூக்கி மாட்டினாங்க. “யாரு இது? எந்த லேபு?”

“என் தம்பி. கிரேன் ஓட்டுறான்.”

மேடம் படத்தை ரெண்டு விரலால பெருசாக்கினாங்க. மேல் தட்டுக்குப் போனாங்க, கீழ் தட்டுக்கு வந்தாங்க, மறுபடி மேல போனாங்க. மவுஸ் மேல இருந்த கையை எப்ப எடுத்தாங்கன்னு தெரியல. “யாரு மீடியம் மாத்தினது?”ன்னாங்க.

“நான்தான் மாத்தச் சொல்லியிருக்கேன் மேடம். எல்லாத்துக்கும்னு சொல்லிட்டேன். ரெண்டையும் ஒரே ஷெல்ஃப்ல வைக்கல. மே மாசம் வராதப்பவே உங்ககிட்ட வந்திருக்கணும்.”

மேடம் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டாங்க, அந்தப் பக்கத்தை மூடினாங்க, சேமிக்கவான்னு அது கேட்டுச்சு, அதையும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. “நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வா. முதல்ல இருந்து பாப்போம்.” போனை எடுத்து நீட்டினாங்க.

லேப்ல தாஹிரா ஹூட்டுக்கு முன்னாடி உக்காந்து பிளாஸ்க்குக்குச் சொட்டுச் சொட்டா ஊத்திக்கிட்டிருந்தா. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பாமலே, “அனுப்பியாச்சாக்கா? சமோசா ஆறிடப் போகுது.”

“போன வாரம் செஞ்சியே, அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுட்டியா?”

“இல்ல, குளிர் ரூம்ல கெடக்கு. எதுக்குக்கா, அதுதான் வரவே இல்லையே.”

“வந்திருக்கு,” ஜெனிட்டா ஸ்டூலை இழுத்து அவ பக்கத்துல போட்டா. “எடுத்துட்டு வா. அப்புறம் இப்படிச் சொட்டுச் சொட்டா ஊத்தாதே, சாதாரணமாவே ஊத்து.”